அறுபது சைக்கிள் மிஷின்

அந்தக் காலத்தில் தென்காசியில் ரேடியோ பேச மறுத்தால் என் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் பசப்ப மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். கோவில் வாசலில் கோபுரம் இடிந்து பிளந்து நிற்கும். அங்கிருந்து நாலு கடை தள்ளி என் கடை. உள்ளே மூன்று பேர் நின்றாலே மூச்சு முட்டும், ஆனால் எப்போதும் ஆறு பேர் நிற்பார்கள், பாட்டுக் கேட்கவும் என் வாயைக் கேட்கவும். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். ரேடியோவைக் கழற்றி உள்ளே கரப்பான் குடும்பம் நடத்துவதைப் பார்த்தால் கொண்டுவந்தவரைச் சும்மா விட மாட்டேன். "என்ன அண்ணாச்சி, பாட்டுக் கேக்கதுக்கு வாங்கினியளா, இதுகளைக் குடி வைக்கதுக்கா?" என்பேன். ஆறு பேரும் சிரிப்பார்கள். கொண்டுவந்தவர் முகம் சுண்டிப்போகும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பெரிய சண்டை முடிந்த பிறகு அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன ரேடியோக்கள் ஏலத்தில் வந்து, அதில் பத்துப் பன்னிரண்டு நம் ஊர்ப் பக்கமும் சேர்ந்தன. நம் கரண்டு இருநூற்று முப்பது வோல்ட். அவர்களுடையது அதில் பாதி. நேரே சொருகினால் புகைந்துவிடும். நானே கம்பி சுற்றி டிரான்ஸ்பார்மர் செய்து, வோல்ட்டைப் பாதியாக இறக்கி, அத்தனையையும் பாட வைத்தேன். அடிப்பலகையில் வோல்ட்டுக்குப் பக்கத்தில் ‘60 சைக்கிள்’ என்று போட்டிருக்கும். கரண்டு ஒரு நொடிக்கு எத்தனை தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது என்ற கணக்கு அது. நமக்கு ஐம்பது, அவர்களுக்கு அறுபது. ரேடியோவுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. அதனால் அந்த எழுத்தைப் படிப்பதையே நான் விட்டுவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஜவுளிக்கடை முதலாளி என் கடை வாசலில் வந்து நின்றார். முஸ்லிம் பெரியவர். கைத்தறிக் கைலியும் துண்டும் விற்றே எங்கள் பக்கத்துத் தெருவில் பெரிய வீடு கட்டியவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாது. அளந்துதான் பேசுவார், சிரிப்பதை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மனுசர் சிரித்தார்.

"தம்பி, சவுதியில இருந்து என் மவன் ஒரு மிஷின் குடுத்துவிட்டிருக்கான். உள்ள அவன் பேசி அனுப்பியிருக்கானாம். வந்து ஓட வச்சுத் தரணும்" என்றார்.

மகன் கதை ஊருக்கே தெரியும். ஐம்பத்தாறுக்கு முன்னால் செங்கோட்டை திருவாங்கூர்ச் சீமை. நம் பக்கம் மதுவிலக்கு, ஐந்து மைல் தள்ளி அங்கே கடை திறந்து கிடக்கும். சாயங்கால பஸ்ஸில் செங்கோட்டைக்கு ஏறுகிறவனைப் பார்த்தாலே ஆட்கள் கண்ணடிப்பார்கள். இந்தப் பையனும் கூட்டாளிகளோடு ஒருதடவை ஏறிவிட்டான். ஒரே தடவை. திரும்பி வந்தபோது கால் தள்ளாடி, நாக்குக் குழறி, பள்ளிவாசல் வழியாகவே நடந்து வந்து வீட்டு வாசலில் விழுந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. இரண்டு நாள் அவனை வாசலோடு நிறுத்தி வைத்தார் பெரியவர். பிறகு உள்ளே விட்டார். "இன்னொரு தடவை இப்படிக் கண்டேன்னா நீ எனக்கு மவன் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்லித்தான் விட்டார். அப்புறம் கல்யாணமும் செய்து வைத்தார், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனால் மகனோடு முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் நின்றுபோனது. அவன் சவுதிக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்குக் கிளம்பினபோதுகூட, "போயிட்டு வா" என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நாலு வருசமாகக் கடிதமெல்லாம் மருமகள் பேருக்குத்தான் வந்தது.

அதனால்தான் அன்றைக்கு அந்தச் சிரிப்பு. மகன் முதன்முதலாக வாப்பாவோடு பேசியிருக்கிறான்.

மிஷின் அவன் முகாமில் கூட வேலை பார்த்த கொல்லத்து மலையாளத்தான் கையில் வந்திருந்தது. டேப் ரிக்கார்டர். ஊரில் அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. இரண்டு சக்கரம், ஒன்றில் பழுப்பு நாடா. நான் கழற்றிப் பார்த்தேன். மோட்டார், அதிலிருந்து ஒரு தண்டு, அந்தத் தண்டு சுற்றிச் சுற்றி நாடாவை இழுக்கிறது. அடியில் பார்த்தேன். 117 வோல்ட், 60 சைக்கிள். சவுதியில் அந்த முகாமை நடத்துகிறவர்கள் அமெரிக்கர்கள், கரண்டும் அவர்கள் கரண்டு. வோல்ட்டை இறக்கக் கையோடு டிரான்ஸ்பார்மர் இருந்தது. சைக்கிள் கணக்கை வழக்கம்போலத் தள்ளிவிட்டேன்.

சும்மா ஒரு ஓரமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவர் அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தெரு ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். "என் மவன் பேசுதான், வந்து கேளுங்க" என்று பள்ளிவாசல் வாசலிலேயே சொல்லியிருக்கிறார். கூடம் நிறைந்துவிட்டது. உள்கட்டு வாசலில் திரை, திரைக்கு அந்தப் பக்கம் மருமகளும் பெண்களும். நாலு வயசுப் பேத்தி மட்டும் பெரியவர் மடியில். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்து, விசையைத் திருப்பினேன்.

"வாஆ...ப்பா... நாஆன்... பேஏசுதேன்..."

குரல் கனத்து, தொண்டைக்கு அடியிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வந்தது. நாக்குத் தடித்தவன் பேச்சு. நடுநடுவே அவன் நிறுத்தினான். அழுகையை அடக்க நிறுத்தியிருப்பான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது, அடுத்த வார்த்தை கிடைக்காமல் தடவுகிறவன் நிறுத்துவது போலத்தான் கேட்டது. "அன்னைக்கு... செங்கோஓட்டையில இருந்து வந்ததுக்கப்புறம்... ஒரு சொட்டு நாஆன் தொட்டதில்ல வாப்பா... அல்லா மேல ஆணை..."

பின்பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் மெதுவாகச் சொன்னான்: "செங்கோட்டை பஸ்ஸு சவுதி வரைக்கும் போகுது போல." அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை யாருக்கும். குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்கிறான்! குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஊருக்கு வருகிறேன், என்னை உள்ளே விடுங்கள், பிள்ளையைப் பார்க்க வேண்டும், ‘வா’ன்னு நீங்க ஒரு வரி எழுதினால் போதும், கப்பல் ஏறிவிடுவேன். இத்தனையும் அந்தக் குழறலில்.

பெரியவர் பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டார். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை நான் என்னவென்று சொல்ல? கெஞ்சல்தான் அது. பத்துப் பேர் முன்னால் தலை நிமிர்ந்தே பழக்கப்பட்ட மனுசர் என்னிடம் கெஞ்சினார்.

"தம்பி, மிஷின்ல எதும் கோளாறு இருக்குமோ?"

இருக்கும் மொதலாளி, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என்ன குறைந்துபோயிருக்கும்? ஆனால் என் கை பட்ட மிஷினில் கோளாறு என்று தெருவே கேட்க ஒருத்தர் சொல்லுகிறாரே! எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"கோளாறா? இப்பக் காட்டுதேன் பாருங்க" என்றேன். கூடவே வந்திருந்த ஒரு காலி நாடாவை மாட்டி, மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டி, "எதையாவது பேசுங்க" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வீட்டுக்குப் பெரியவன் நான் பேசுதேன்" என்றார். நாடாவைத் திருப்பிப் போட்டேன். அச்சு அசலாக அவர் குரல். ஒரு இம்மி பிசகில்லை. கூடமே ஆ என்றது.

"கேட்டியளா? உங்க சத்தம் உங்க சத்தமாத்தான வருது? மிஷின் உள்ளதைத்தான் சொல்லும். அங்கன எப்படிப் பேசுனாகளோ அப்படித்தான் இங்கன கேக்கும்."

நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். அந்த நிமிசத்தில் அந்தப் பையனுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். மிஷின் இங்கே மெதுவாகத்தான் ஓடுகிறது, மெதுவாக ஓடும்போதே பதிந்ததை மெதுவாக ஓடும்போதே கேட்டால் சரியாகத்தான் இருக்கும் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. அறுபது சைக்கிளில் ஓட வேண்டிய மோட்டார் ஐம்பதில் தளர்ந்துதான் சுற்றும். அங்கே பதிந்த குரல் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து இழுபடும், கனக்கும். இவ்வளவுதான் விசயம். எனக்குத் தெரியாது.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் குரல் கேட்டது. ஆண்கள் நிறைந்த கூடத்தில் அந்த வீட்டுப் பெண் குரல் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"அவுக பேசும்போது பின்னால ஒரு கடிகாரம் மணி அடிச்சுதே. அதுவும் இழுத்து இழுத்துத்தான் அடிச்சுது. அந்தக் கடிகாரமும் குடிச்சிருக்கா?"

எவ்வளவு பெரிய கேள்வி! நான் அன்றைக்கு மனுசனாக இருந்திருந்தால் நாடாவைத் திருப்பி அந்த மணியைக் கேட்டிருப்பேன். பெரிய படிப்பில்லாத பெண், ஒரே தடவை கேட்டு, விசயத்தின் முடிச்சில் கை வைத்துவிட்டாள். நான் என்ன செய்தேன்? "புருசன் வீட்டுல இல்லன்னா கடிகாரம்கூட மெதுவாத்தாம்மா ஓடும்" என்றேன். கூடம் அதிர்ந்தது சிரிப்பில். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

‘வராதே’ என்று ஒரு வரிதான் எழுதினார் பெரியவர். மறுவாரம் மிஷினையும் நாடாக்களையும் ஒரு ஆள் தலையில் ஏற்றி என் கடைக்கே அனுப்பிவிட்டார். வீட்டில் வைத்துக்கொள்ளவும் பிடிக்கவில்லை, உடைக்கவும் மனசு வரவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கே நாக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். கடையில் ஆட்கள் சேர்ந்தால் அந்த நாடாவைப் போட்டுக் காட்டுவேன். ‘அல்லா மேல ஆணை’ என்று குரல் இழுக்கிற இடம் வந்ததும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "இன்னொருக்கா போடுவே" என்பார்கள். போடுவேன். ஒருநாள் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்ச்சாரியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண், குழந்தையைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள்தான். உள்ளே நாங்கள் சிரிக்கிறோம், அவள் வெயிலில் நின்று நாடா முடிகிறவரை கேட்டாள். புருசன் குரல் கேட்க அவளுக்கு வேறு எங்கே வழி? முடிந்ததும் போய்விட்டாள். நான் விசையை அணைத்துவிட்டு அடுத்த ரேடியோவைக் கையில் எடுத்தேன்.

ஆடி மாசம். குற்றாலத்தில் சாரல் கட்டிப் பிடித்திருந்தது. அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பங்களாவில் மெட்ராஸிலிருந்து ஒரு கல்லூரி வாத்தியார் வந்து தங்கியிருந்தார். அமெரிக்காவில் படித்தவர். அவருடைய டேப் ரிக்கார்டரில் வால்வு போய்விட்டது என்று ஆள் அனுப்பினார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். நனைந்து நடுங்கிக்கொண்டே மூடியைக் கழற்றினால், இதே ஜாதி மிஷின், ஆனால் நாடாவை இழுக்கிற தண்டின்மேல் மோதிரம் போட்டாற்போல் ஒரு பித்தளை உறை.

"இது எதுக்கு சார்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அறுபது சைக்கிளுக்குச் செஞ்ச மோட்டார் இங்க மெதுவாத்தானே சுத்தும்? தண்டைத் தடிமனாக்கினா அதே சுத்துக்கு நாடா கூடுதலா ஓடும், கணக்கு சரியாப் போகும். இதுகூடத் தெரியாம நீ என்னய்யா மெக்கானிக்?" என்றார். அதோடு விடவில்லை. வால்வு மாற்றி முடித்ததும் உறையைக் கழற்றிவிட்டு ஒரு நாடாவை ஓட்டிக் காட்டினார். அவர் மனைவி பாடியது. சளி பிடித்த ஆம்பிளை பாடினது போல் வந்தது. உறையை மாட்டினார். பெண் குரல் கணீரென்று எழுந்தது. மறுபடி கழற்றினார். அதே கனம், அதே இழுவை, அதே குழறல்.

கூலியை வாங்கக்கூடத் தோன்றாமல் வெளியே வந்து சாரலில் நின்றேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம் என்னை இடித்துக்கொண்டு போனது. எல்லாம் தெரிந்துவிட்டது. கடிகாரம் குடிக்கவில்லை, அந்தப் பையனும் குடிக்கவில்லை.

நேரே அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மூன்று மைல். போகவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முதல்நாள் நினைத்தேன். அடுத்த நாள், யாராவது கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன். தெருவே பார்க்க மார்தட்டியவன், அதே தெருவில் போய் நான் மடையன் என்று எப்படிச் சொல்லுவேன்? கடைப்பேர் என்ன ஆகும்? பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. சுத்தமான திமிர். நாடாவைக் கடையில் போட்டுக் காட்டுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

ஆவணி பிறந்ததும் பெரியவரே வந்தார். கையில் நீலக் கடிதம். கடையில் இருந்த ஆட்கள் போகிறவரை துண்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, மருமவ எழுதிக் கேட்டதுக்கு மவன் பதில் எழுதியிருக்கான். அங்கன உள்ள கரண்டு வேற, நம்ம கரண்டு வேறயாம். அதனாலதான் சத்தம் அப்படிக் கேட்டிருக்குமாம். அங்கன உள்ள இஞ்சினியருங்க சொல்லுதாங்களாம்." கடிதத்தை என் பக்கம் நீட்டினார், நான் படித்துப் பார்த்து ஆமாம் என்றுவிடுவேன் என்பது போல. "அப்படி உண்டா தம்பி?"

உண்டு என்று நான் சொல்ல வேண்டும் என்றுதான் அவர் நடந்து வந்திருக்கிறார். அது பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

"கரண்டுல என்ன மொதலாளி வேற வேற? எல்லாம் ஒரே கரண்டுதான்" என்றேன். "தப்புப் பண்ணினவங்க நாலு சாக்கு எழுதத்தான் செய்வாங்க."

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். "நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். கடைசிப் படியில் கால் தடுமாறி என் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் எழுந்து தாங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் மருமகள் கடைக்கு வந்தாள். துப்பட்டிக்குள்ளிருந்து அதே நீலக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல அவுக எழுதியிருக்காக. அந்தத் தண்டுல பித்தளையில ஒரு உறை கடைஞ்சு போட்டா சத்தம் நேராயிருமாம். அளவும் போட்டிருக்கு. உங்களால முடியுமா?"

நான் கடிதத்தை விரித்து அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முடியாதுன்னா சொல்லிருங்க. மிஷினைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போறேன். அங்கன வேலை தெரிஞ்ச ஆளு இருப்பாங்க."

பாருங்கள் என் லட்சணத்தை. அந்தப் பெரியவரின் கண்ணுக்கு இளகாத மனசு இதற்குத் துள்ளிவிட்டது. வேலை தெரிந்த ஆள்! லேத் பட்டறையில் போய் நானே நின்று, அரைநாளில் உறையைக் கடைந்து, தண்டில் ஏற்றிவிட்டேன். கடைக்கதவைச் சாத்திவிட்டு நாடாவை ஓட்டினேன்.

"வாப்பா, நான் பேசுதேன்" என்றான் அவன். படபடவென்று, சின்ன வயசுக் குரல். பயந்த குரல். இடையில் கடிகாரம் டிங் டிங்கென்று நாலு அடித்தது. ஒரு சொல் பிசகவில்லை, நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. அழுகை வரும்போது நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, மறுபடி பேசினான். நான் இத்தனை நாள் ஊரைக் கூட்டிச் சிரிக்க வைத்தது இந்தப் பிள்ளையை வைத்துத்தானா என்று இருந்தது. அவன் கெஞ்சி முடிக்கிறவரை கேட்டுவிட்டு, மிஷினைத் தோளில் தூக்கி, இரண்டு நாடாவையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தேன்.

கூடத்தில் பெரியவரும் பேத்தியும்தான். திரைக்குப் பின்னால் மருமகள். நான் நாடாவைப் போட்டேன். "வாப்பா, நான் பேசுதேன்" என்றதுமே திரை அசைந்தது. "இதுதான்! இதுதான் அவுக சத்தம்!" என்று அழுதாள் அவள். பெரியவர் அசையாமல் கடைசிவரை கேட்டார். முகம் லேசாக இளகி வருவதை என் கண்ணால் பார்த்தேன். முடிந்ததும் கேட்டார்:

"மிஷின்ல என்ன செஞ்சே?"

பித்தளை உறையைக் காட்டினேன்.

"என் சத்தத்தைப் போடு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வேண்டாம் மொதலாளி என்றேன். போடு என்றார். போட்டேன். அவர் குரலை நான் உறை இல்லாமல், மெதுவாக ஓடும்போது பதிந்திருந்தேன். இப்போது அது வேகமாக ஓடியது. "இந்தவீட்டுக்குப்பெரியவன் நான்பேசுதேன்" என்று எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது. பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். "வாப்பிச்சா இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று தாத்தா முழங்காலைப் பிடித்துக் குதித்தாள்.

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "அன்னைக்கு நீதான சொன்னே? என் சத்தம் சரியா வந்தா மிஷின் சரின்னு. இன்னைக்கு என் சத்தத்தையே கோமாளி ஆக்கிட்டியே. அப்போ இது சொல்லுத பொய்ய நான் நம்பணுமா? பித்தளையைப் போட்டு ஆளை மாத்திட்டுக் கொண்டாந்திருக்கே."

நான் விளக்கினேன். ஐம்பது, அறுபது, தண்டு, தடிமன் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மருமகள் பேசினாள், அழுகையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக.

"மாமா அன்னைக்கு லெட்டரைக் கொண்டுவந்து உங்ககிட்டக் கேட்டாகளே. கரண்டு வேறதான்னு உங்களுக்கு அப்பமே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். அவரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தார். தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்று நான் சொன்னால் போதும். வேண்டுமென்றே ஒருத்தன் தன் மகனைக் கெடுத்தான் என்பது அவருக்கு விளங்கும். சைக்கிள் கணக்கு விளங்காவிட்டாலும் அது விளங்கும். என்னைச் செருப்பால் அடித்துவிட்டு மகனுக்கு எழுதியிருப்பார்.

"தெரியாது" என்றேன். எந்த வேலையிலும் தெரியாது என்று ஒருபோதும் சொன்னதில்லை நான். அன்றைக்குச் சொன்னேன், அதுவும் பொய்.

"தெரியாதவன் பேச்சை அன்னைக்கும் கேட்டேன். அதுபோதும்" என்றார் பெரியவர். "எடுத்துட்டுப் போ."

அடுத்த வாரமே மருமகள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் சவுதியை விட்டு வந்தான், ஊருக்கு வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் கூட்டாளி ஒருவன் தயவில் கடை போட்டு, பெண்டாட்டி பிள்ளையை அங்கே அழைத்துக்கொண்டான். பெரியவர் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

இரண்டு வருசம் கழித்து ஒரு விடியலில் அவர் போய்விட்டார். தந்தி கொல்லம் போய், மகன் ரயிலேறி மலை தாண்டி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சாயங்காலம் என் கடை வாசலில் ஒருத்தர் நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். ஒல்லியான ஆள், காலில் இன்னும் கபர்ஸ்தான் மண். பின்னால் இரண்டடி தள்ளி வெள்ளைத் துப்பட்டியில் அவள்.

"அண்ணாச்சி" என்றார். அதே படபடத்த குரல்.

எழுந்து நின்றேன். இப்போது அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் உள்ளே வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மிஷினைச் சரி பண்ணித் தூக்கிட்டுப் போயி, எனக்காக வாப்பாகிட்ட எவ்வளவோ மல்லுக்கட்டுனியளாம். இவ சொன்னா. இந்த ஊர்ல எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி." கண் கலங்கிவிட்டது அவருக்கு. "வாப்பா நம்பல, அது என் தலையெழுத்து. நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன்."

அவர் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டதற்கு இப்போதாவது நான் உள்ளதைச் சொல்லுகிறேனா என்று காத்திருந்தது மாதிரி இருந்தது.

"உக்காருங்க" என்றேன். "டீ சொல்லுதேன்."